சிசி ஏற்றலாமா? பழைய ஏர்கூல்டு வண்டிகள்: கேள்வி-பதில்

ஏர்கூல்டு, அதாவது காற்றால் குளிர்கிற என்ஜின் வண்டிகள் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சிசி (என்ஜின் கொள்ளளவு) ஏற்றுவது பற்றித்தான். ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

யமஹா ஆர்எக்ஸ் 100 பிளாக்கை (சிலிண்டரை) 1 மி.மீ. ஓவர்சைஸ் போர் போட்டால், அதாவது உள்ளே குடைந்து அகலப்படுத்தினால், ஆர்எக்ஸ் 135 மாதிரி இழுக்குமா?
– வாசகர், பாலக்கோடு

இழுக்காது. ஆர்எக்ஸ் 100-க்குப் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50. அது 98 சிசி. போர் 51 ஆனால் 102 சிசி, கூடுவது நாலே சிசி. தேய்ந்த பிளாக் சரியானதால் திரும்பி வருகிற இழுவையைத்தான் பலரும் சிசி கூடியதாக நினைக்கிறார்கள். 135-க்கு ஸ்ட்ரோக் அதே 50, போர் 58. அதனால்தான் 132 சிசி வருகிறது. பழைய லைனரில் (சிலிண்டரின் உள் உறையில்) 8 மி.மீ. குடைய இடமில்லை, தனி பிளாக்தான் வேண்டும். வாங்கும் முன் அதன் லைனர் உங்கள் கிராங்க்கேஸ் (என்ஜினின் அடிப்பெட்டி) வாயில் தடையில்லாமல் இறங்குகிறதா என்று வைத்துப் பாருங்கள்.

எந்த அளவுக்குப் போர் போட்டாலும் சரி, லேத் பட்டறையிலிருந்து வந்த பிளாக்கை அப்படியே மாட்டாதீர்கள். ஒருமுறை எனக்கு வந்த பிளாக்கில் விரலை விட்டுத் தடவினேன். எக்ஸாஸ்ட் போர்ட்டின் (புகை வெளியேறும் வாயின்) ஓரம் நகத்தைச் சீவி எடுத்தது. போர் போட்டதும் போர்ட் விளிம்புகள் கத்தி மாதிரி ஆகிவிடும். பிஸ்டனோடு மேலும் கீழும் போகிற ரிங் அதில் மாட்டினால் உடையும். விளிம்பு முழுவதையும் லேசாகச் சரித்து, நகம் வழுக்குகிற பதத்துக்குக் கொண்டுவந்த பிறகே மாட்ட வேண்டும்.

135 பிளாக் மாட்டினேன். தொப்பூர் இறக்கத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ஏற்றத்தில் என்றால் புரியும், இறக்கத்தில் ஏன்?
– வாசகர், தர்மபுரி

இறக்கத்திலும் நடக்கும். இந்த வண்டியில் ஆயில் பம்ப் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து வேலை செய்கிறது. கணவாயில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரில் விட்டு இறங்கினால் என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயிலோ சொட்டுத்தான் போகும்; வழுக்கல் இல்லாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது அடிக்கடி கொஞ்சம் முறுக்கிவிடுங்கள். அப்புறம், மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையை) மாற்றினீர்களா? பெரிய பிளாக் அதிகக் காற்றை இழுக்கும். பெட்ரோல் பழைய அளவிலேயே வந்தால் கலவை மெலிந்து சூடேறும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி செம்பழுப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், ஜெட்டை மாற்றுங்கள்.

சிசி ஏற்றினால் ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றில்) பிரச்சினை வருமா?
– வாசகர், ஊத்தங்கரை

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததற்கு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தேய்மானத்துக்காகப் போடுகிற ஓவர்சைஸ் வேறு, 135 பிளாக் வேறு. ரோட்டில் ஓட்டுகிற வண்டி என்றால் வேண்டாம்.

போர்ஷே 911 மட்டும் ஏர்கூல்டாகவே 2 லிட்டரிலிருந்து 3.6 லிட்டர் வரை போனது எப்படி?
– பாலிடெக்னிக் மாணவர், கிருஷ்ணகிரி

நல்ல கேள்வி. ஆரம்பத்தில் 80 மி.மீ. போர், 66 மி.மீ. ஸ்ட்ரோக், 1991 சிசி. 2.7-ல் போர் 90, ஸ்ட்ரோக் 70.4. 1968 முதல் கிராங்க்கேஸ் மெக்னீசியம் கலவை, 2.7-ன் சூட்டையும் அழுத்தத்தையும் அது தாங்காமல், சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்கள் (நீள போல்ட்கள்) மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. 1978-ல் வந்த 3 லிட்டர் எஸ்சி-க்கு அலுமினிய கிராங்க்கேஸ் போட்டார்கள். 3.6-ல் போர் 100 மி.மீ. ஆக, சிலிண்டர் மட்டும் வளரவில்லை. அதைத் தாங்குகிற அடிப்பாகமும் கூடவே மாறியது. குளிர்விக்கக் காற்றாடியோடு நிறைய ஆயிலும் சுற்றுகிறது. ஆர்எக்ஸ் மாதிரி பழைய பைக்கில் அந்த வசதி கிடையாது, சிலிண்டரின் துடுப்பில் படும் காற்று மட்டும்தான்.

பழைய புல்லட் 350. இரண்டு பேரோடு வத்தல்மலை ஏறத் திணறுகிறது. 500 பிளாக் போடலாமா?
– வாசகர், தர்மபுரி

இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 90 மி.மீ.தான்; போர் 70-லிருந்து 84 ஆகிறது. 346 சிசி என்பது 499 ஆகும்போது கிளட்ச், கார்புரேட்டர், கனெக்டிங் ராடு எல்லாவற்றுக்கும் வேலை வரும், ஆர்சி சிக்கல் தனி. அதற்கு முன் கம்ப்ரஷனைப் பாருங்கள். வால்வு உட்காருகிறதா, பாயின்ட் (பிளக்குக்கு மின்பொறி தரும் தொடுமுனை) இடைவெளியும் டைமிங்கும் சரியா என்று பாருங்கள். திணறுகிற புல்லட்டுகளில் முக்கால்வாசி இதிலேயே தேறிவிடும். அப்படியும் போதாவிட்டால் கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் குறைத்துப் போடுங்கள். மேல் வேகம் கொஞ்சம் குறையும், ஏற்றத்தில் நன்றாக இழுக்கும். பிடிக்காவிட்டால் பழையதையே திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.