நட்சத்திர வீரர் காயமடைந்தால் அணி என்ன செய்யும்?

கேள்வி: 2023 உலகக் கோப்பையில் நடுகள வீரர் ஹர்திக் சிங் காயமடைந்ததால்தான் இந்திய ஹாக்கி அணி வெளியேறியது என்று என் நண்பர்கள் சாதிக்கிறார்கள். 18 பேர் கொண்ட அணியில் ஒருவர் இல்லாதது அவ்வளவு பெரிய இழப்பா?

பதில்: இழப்புதான், ஆனால் தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. ஸ்பெயினுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பந்தைத் தனியாகக் கடத்திச் சென்று கோல் அடித்த ஹர்திக்குக்கு, இங்கிலாந்துடனான அடுத்த ஆட்டத்தில் தொடையின் பின்தசையில் காயம் ஏற்பட்டது. வேல்ஸுக்கு எதிராக அவர் ஆடவில்லை. நியூசிலாந்துடன் மோதுவதற்கு முந்தைய நாள்தான் அவர் தொடரிலிருந்து விலகுவது உறுதியாகி, ராஜ்குமார் பால் சேர்க்கப்பட்டார். மாற்று வீரரை அறிவித்துவிட்டால் காயமடைந்தவர் அந்தத் தொடருக்குத் திரும்ப முடியாது என்பதால், எந்தப் பயிற்சியாளரும் அந்த முடிவைத் தள்ளிப்போடவே பார்ப்பார். அதைக் குறை சொல்வதற்கில்லை.

நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னிலை பெற்ற இந்தியா, 3-3 என்ற சமநிலைக்கு இறங்கி, வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு கோல் அடிக்க முயலும் ஷூட் அவுட்டில் 4-5 எனத் தோற்று வெளியேறியது. முன்னிலையில் இருக்கும்போது பந்தைத் தன்வசம் வைத்து ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கும் நடுகள வீரர் இல்லாத குறை அங்கே தெரிந்தது. ஆனால், எதிரணி தன் கோல் வட்டத்துக்குள் விதி மீறும்போது கிடைக்கும் கோல் வாய்ப்பான பெனால்டி கார்னர்களில் பெரும்பாலானவற்றை வீணாக்கியதற்கும் ஹர்திக்கின் காயத்தையே காரணம் காட்டுவது நியாயமல்ல.

கேள்வி: அதே இடத்தில் ஆடக்கூடிய வேறொருவரை இறக்கிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. முதன்மை வீரர் ஒருவர் விலகும்போது அவரோடு நான்கைந்து வேலைகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் வீரர்களை மாற்றலாம் என்பதால், 60 நிமிட ஆட்டம் முழுவதும் யார் எப்போது ஓய்வெடுப்பது என்ற கணக்கு முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். பொதுவாக, மற்றவர்களைவிட அதிக நேரம் களத்தில் நிற்பவர் நட்சத்திர வீரர். அவரது நிமிடங்களைப் பிறர் பங்கிட்டுக்கொள்ளும்போது அவர்களுடைய ஓய்வு சுருங்கி, களைப்பு நான்காவது கால் பகுதியில் வெளிப்படுகிறது.

பெனால்டி கார்னரில் சிக்கல் இன்னும் கூடுதல். பந்தைத் தள்ளுபவர், நிறுத்துபவர், அதை மட்டையால் இழுத்துச் சுழற்றிக் கோலை நோக்கி வீசும் டிராக் ஃபிளிக் அடிப்பவர் ஆகிய மூவரும் நீண்ட காலப் பயிற்சியில் ஒத்திசைவு பெற்றவர்கள். ஒருவர் மாறினாலும் அந்த நொடிக் கணக்கு பிசகும். தற்காப்பில், கோல் கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து சென்று அடியை மறிப்பவரின் இடத்தை நிரப்புவதும் எளிதல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தப் பணியைச் செய்துவந்த அமித் ரோஹிதாஸ், காயத்தால் அல்ல, சிவப்பு அட்டையால் வெளியேறினார் என்றாலும் பாடம் ஒன்றுதான். பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில், இரண்டாம் கால் பகுதியின் தொடக்கத்திலிருந்தே 10 பேருடன் ஆட நேர்ந்தபோது, நடுகள வீரரான மன்பிரீத் சிங் பின்களத்துக்கு இறங்கினார். ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிய, இந்தியா ஷூட் அவுட்டில் வென்றது. ரோஹிதாஸ் தடை காரணமாக ஆடாத அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 எனத் தோற்றது. நெருக்கடியில் ஒரு நாள் எல்லோரும் கூடுதலாக ஓடிச் சமாளித்துவிடலாம். அடுத்த ஆட்டத்துக்கு, அந்தப் பணியில் முன்பே பழகிய இரண்டாமவர் தேவை. ஆகவே, முதன்மை வீரர் நலமாக இருக்கும் காலத்திலேயே, பெரிய பொருட்டில்லாத தொடர்களில் அவரை வேண்டுமென்றே உட்காரவைத்து ஆடிப் பார்க்கும் அணிகளைத்தான் நான் மெச்சுவேன்.

கேள்வி: காயம் ஆறியவரை உடனே முக்கிய ஆட்டத்தில் இறக்கலாமா?

பதில்: வலி நின்றது மட்டும் தகுதியாகாது. தொடைப் பின்தசைக் காயம் மீண்டும் வரக்கூடியது. முழு வேகத்தில் ஓடி, திடீரென நின்று, குனிந்து பந்தை வாங்க முடிகிறதா என்பதை மருத்துவக் குழு பார்த்தாக வேண்டும். அதன் பிறகும், தடையற்ற மாற்று விதியைப் பயன்படுத்தி, முதலில் சில நிமிடங்கள் மட்டும் ஆடவைப்பதே நல்லது. பெனால்டி கார்னரில் பாய்ந்து ஓடும் வேலையை அந்த ஆட்டங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.