சல்ஃபாசலாசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிறது, நிறுத்தலாமா?

கோபியில் இருக்கும் உங்கள் அம்மா முடக்குவாதத்துக்கு இதைச் சாப்பிடுவதாகச் சொல்கிறீர்கள். நிறத்துக்காக நிறுத்த வேண்டாங்க. இந்த மருந்து துணிக்குப் போடும் அசோ சாயங்களின் உறவுக்காரன், அதனால்தான் இந்த நிறம். சாயத்தைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெருங்குடல் பாக்டீரியாக்கள் இதை இரண்டாக உடைக்கின்றன. அதனால்தான் பெருங்குடல் புண் நோய்க்கும் இதையே தருகிறார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். மேலுறை உள்ள மாத்திரையை உடைக்காமல் முழுங்க வேண்டும். தண்ணீர் நிறைய வேணும்; பங்குனி வெயிலில் மஞ்சள் காயப்போடும் களத்தில் நிற்பவர் என்றால் இன்னும் கூடுதலாக. மூட்டுவலி குறைய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். "கேக்கவே மாட்டேங்குது" என்று பாதியில் விடுகிறவர்களும் உண்டு.

ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், முதல் 3 மாதம் குறிப்பாக. வெள்ளணு குறையலாம், கல்லீரல் பாதிக்கலாம். காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண், தடிப்பு, காரணமில்லாத கன்றல், கண் மஞ்சளாவது, இதில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கோ ஆஸ்பிரினுக்கோ ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். ஃபோலிக் அமிலம் தேவையா என்றும் கேளுங்கள்.

அப்புறம், இதைச் சாப்பிடும் ஆண்களுக்கு விந்தணு குறையலாம். மருந்தை விட்டால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும்.