பானட்டுக்கு அடியில்: எஞ்சின் அறை நுணுக்கங்கள், கேள்வி பதில்

ஸ்கேல் மாடல் கார்களின் எஞ்சின் அறையைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வயருக்கும் ஒவ்வொரு ஹோஸுக்கும் இரண்டு முனை உண்டு. எங்கே புறப்படுகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியாத எதையும் ஒட்டாதீர்கள்.

கேள்வி: சார், 1/25 அளவில் அறுபதுகளின் அமெரிக்க வி8 கார் ஒன்று கட்டுகிறேன். கிட்டில் எஞ்சின் இருக்கிறது, ஆனால் மொட்டையாக இருக்கிறது. எதில் தொடங்குவது?

ஸ்பார்க் பிளக் வயரில் தொடங்குங்கள். பானட்டைத் திறந்ததும் கண் முதலில் போவது அங்கேதான். எட்டு சிலிண்டருக்கு எட்டு வயர், டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் பாகம்) மூடியின் நடுவிலிருந்து காயிலுக்கு (உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) ஒன்று, ஆக ஒன்பது. பலர் அந்த ஒன்பதாவதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது ரேடியேட்டர் ஹோஸ். மேல் ஹோஸ் எஞ்சினின் முன்பக்கத்துத் தெர்மோஸ்டாட் கூட்டிலிருந்து ரேடியேட்டரின் மேல்பகுதிக்குப் போகும். கீழ் ஹோஸ் ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பம்புக்கு வரும். கிட்டில் வருகிற ஹோஸ் பெரும்பாலும் இரண்டு பாதியாக வார்த்து நடுவில் கோடு விழுந்திருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஈயம் கலக்காத சால்டர் கம்பியை வளைத்து வையுங்கள். வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும். மேலே ரப்பர் கறுப்பு அடியுங்கள், டமியாவின் எக்ஸ்எஃப்-85 பொருத்தமாக இருக்கும். பளபளக்கும் தூய கறுப்பு வேண்டாம். சின்ன அளவில் அது ரப்பர் போலத் தெரியாது, ஓட்டை போலத் தெரியும்.

அதற்குப் பிறகு ஹீட்டர் ஹோஸ் இரண்டு, எஞ்சினிலிருந்து ஃபயர்வாலுக்கு (எஞ்சின் அறையையும் உள்ளறையையும் பிரிக்கும் தடுப்பு). பேட்டரியிலிருந்து இரண்டு கேபிள்: பாசிட்டிவ் ஸ்டார்ட்டர் பக்கம், நெகட்டிவ் எஞ்சின் பிளாக்குக்கு. பிறகு பெட்ரோல் பைப், பிரேக் பைப், வேக்குவம் ஹோஸ். இந்த வரிசையில் போனால் எந்த இடத்தில் நிறுத்தினாலும் எஞ்சின் முழுமையாகத் தெரியும்.

ஒவ்வொன்றையும் ஒட்டுவதற்கு முன் ஏர் கிளீனரை வைத்து, பானட்டை மூடிப் பாருங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

கேள்வி: வயர் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

நிஜ அளவை ஸ்கேலால் வகுங்கள், அவ்வளவுதான். பிளக் வயர் நிஜத்தில் 7 முதல் 8 மி.மீ. 1/24-ல் 0.3 மி.மீ.யைச் சுற்றி வரும். வெளிவிட்டம் சுமார் 40 மி.மீ. உள்ள ரேடியேட்டர் ஹோஸ் 1.7 மி.மீ. ஆகும். பிரேக் பைப் நிஜத்தில் 4.76 மி.மீ., இங்கே 0.2. பலர் பயன்படுத்தும் 30 கேஜ் ராப்பிங் வயர் (மின்னணு வேலைக்கான மெல்லிய வயர்) உறையோடு சேர்த்து 0.5 மி.மீ. இருக்கும். 1/18-க்குப் பரவாயில்லை. 1/24-ல் அது 12 மி.மீ. வயருக்குச் சமம், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் மாதிரி தெரியும்.

கேள்வி: அண்ணா, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் துளை போடும்போது டிரில் பிட் உடைந்துகொண்டே இருக்கிறது. மூன்று போய்விட்டது.

மோட்டார் டிரில் வைத்துப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம். அந்த வேகத்தில் பிளாஸ்டிக் சூடாகி உருகும், பிட்டைப் பிடித்துக்கொள்ளும், உடைந்துவிடும். கையால் சுற்றுகிற பின் வைஸ் எடுங்கள். பிட் வாயிலிருந்து நாலைந்து மி.மீ. மட்டும் வெளியே நீட்டியிருந்தால் போதும். முதலில் ஊசி முனையால் ஒன்பது புள்ளி குத்திக்கொள்ளுங்கள், அப்போது பிட் வழுக்காது. மெழுகுவர்த்தியில் பிட்டை ஒருமுறை தேய்த்துவிட்டு, 0.4 மி.மீ. பிட்டை அழுத்தாமல் சுற்றுங்கள். மூன்று சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துகளைத் துடையுங்கள். ஒரு மி.மீ. ஆழம் தாராளம்.

மூடியை ஸ்ப்ரூவிலிருந்து (கிட்டின் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டுவதற்கு முன்பே துளை போடுங்கள். வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது.

கேள்வி: ஸ்கைலைன் ஜிடிஆர் ஆர்32-க்குப் பிளக் வயர் எந்த நிறத்தில் போடலாம்?

எந்த நிறத்திலும் போடாதீர்கள். அந்த ஆர்பி26 எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில், நடுவில் மூடிக்கு அடியில் இருக்கிறது. வெளியே ஓடும் பிளக் வயரே கிடையாது. அந்த நேரத்தை டர்போவின் குழாய்களுக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: 1/18-க்கு வயர் தடிமன் என்ன?

மேலே வகுத்துக் காட்டியிருக்கிறேன். 8-ஐ 18-ஆல் வகுங்கள்: 0.44.

கேள்வி: பிளக் வயரை ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) பார்த்துத்தான் மாட்ட வேண்டுமா? எட்டு வயர் எட்டு இடத்துக்குப் போனால் போதாதா? யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

யாரும் எண்ண மாட்டார்கள், உண்மை. ஆனால் தப்பாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். காரணம் சொல்கிறேன்.

ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை சிலிண்டர்கள் காரின் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்னால், மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும். மூடியைச் சுற்றி வரிசையாகப் போனால் இட, வல, வல, இட, வல, இட, இட, வல என்று வரும். அதாவது மூடியின் ஒரு பாதி முழுக்க இடப்பக்கத்துக்கும் மறுபாதி வலப்பக்கத்துக்கும் போவதில்லை. சில வயர்கள் கட்டாயம் ஒன்றையொன்று தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பின்னல்தான் எஞ்சினுக்கு உயிர். ஆர்டர் பார்க்காமல் மாட்டுகிறவர் என்ன செய்வார்? இடப்பக்கத்து நான்கையும் இடப்பாதியிலிருந்து எடுப்பார், வலப்பக்கமும் அப்படியே. வகிடு எடுத்துச் சீவிய தலை மாதிரி ஆகிவிடும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பொம்மை என்று தோன்றிவிடும்.

கேள்வி (அதே நண்பர்): ஷெவர்லேயில் மூடி பின்னால் இருக்கிறது, பாதி ஏர் கிளீனருக்கு அடியில் போய்விடுகிறது. ஒன்றுமே தெரியாத இடத்துக்கு இவ்வளவு வேலையா?

ஏர் கிளீனர் மூடியை மறைக்கும், ஒப்புக்கொள்கிறேன். வயர் வெளியே வரும் இடத்தை மறைக்காது. ஃபோர்டு 289 எஞ்சினை எடுத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்னாலேயே நிற்கிறது, எதுவும் மறைக்காது. அதன் ஆர்டர் 1-5-4-2-6-3-7-8, சுழற்சி எதிர்த்திசை. எண்ணும் முறையும் வேறு: வலப்பக்கம் 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. ஒரு கம்பெனியின் பழக்கத்தை இன்னொன்றில் வைக்காதீர்கள்.

கேள்வி (வேறொருவர்): நான் நிஜ எஞ்சின்களில் வேலை பார்ப்பவன். ஷெவர்லேயில் 5, 7 வயர்களைப் பக்கம் பக்கமாக ஓடவிட மாட்டோம். மாடலில் எல்லோரும் சேர்த்தே ஒட்டுகிறார்கள். இதையும் சொல்லுங்கள்.

நன்றி, நான் சொல்ல மறந்தது இது. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், ஆர்டரிலும் அடுத்தடுத்து எரிகின்றன. இரண்டு வயரும் ஒட்டி ஓடினால் ஒன்றின் மின்துடிப்பு மற்றதில் தூண்டப்பட்டு, ஏழாவது சிலிண்டர் நேரத்துக்கு முன்பே எரிந்துவிடலாம். அதனால் நடுவில் இடைவெளி விட்டு, முடிந்தால் வேறொரு வயரை இடையில் கொடுத்து ஓட்டுவார்கள். மாடலில் அந்த ஒரு இடைவெளியைப் பார்த்தாலே, கட்டியவர் எஞ்சினைப் புரிந்துகொண்டு கட்டியிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி (முதல் நண்பர்): சரி, ஆனால் முதல்முறை கட்டுகிறவரைப் பயமுறுத்துகிறீர்களே. ஆர்டர் தெரியாமல் கட்டினால் அது மாடல் இல்லையா?

மாடல்தான். மகிழ்ச்சியாகக் கட்டுங்கள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முதல் எஞ்சினுக்கு வயர் போட்டதே பெரிய விஷயம். ஆனால் இரண்டு விதத்துக்கும் அதே ஒன்பது துளை, அதே ஒன்பது வயர், அதே ஒரு மாலை நேரம். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்த எட்டு எண்கள். அந்த எட்டு எண்ணுக்காக விட்டுவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். இந்த விஷயத்தில் என் கருத்து மாறாது, அடுத்த கேள்விக்குப் போவோம்.

கேள்வி: சூப்பர் க்ளூ போட்ட மறுநாள் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. ஏன்?

அதன் ஆவி. காய்கிறபோது ஆவி பறந்து கண்ணாடியிலும் குரோமிலும் படிந்து வெளுக்கும். ஃபயர்வாலை ஒட்டிவிட்டு மூடி வைத்ததால் ஒரு முழு விண்ட்ஷீல்டை நான் இழந்திருக்கிறேன். கண்ணாடியைக் கடைசியில் மாட்டுங்கள். மாட்டிவிட்டீர்கள் என்றால் வயர் முனைகளுக்கு வெள்ளைப் பசையோ எபாக்சியோ போதும், அங்கே எந்த பாரமும் இல்லை.

கேள்வி: 1965 மஸ்டாங், 289 எஞ்சின். நீலம் அடித்துவிட்டேன், சரிதானே?

இல்லை. நீலம் 1966-லிருந்து. 1965-ல் பிளாக் கறுப்பு, வால்வு கவரும் ஏர் கிளீனரும் தங்க நிறம்.

புதுப்பித்த கார்களின் படத்தைப் பார்த்து நிறம் அடித்திருப்பீர்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறோம். உரிமையாளர்கள் பிடித்ததை மாற்றிக்கொள்வார்கள், பாதுகாப்புக்காகவும் மாற்றுவார்கள். 1966 மஸ்டாங்கில் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை, 1967-ல் தான் இரட்டை. இன்று ஓடுகிற 1966 கார்களில் இரட்டை அறை போட்டதைப் பார்க்கலாம். சிவப்பு, மஞ்சள் பிளக் வயரும் அப்படித்தான், பிறகு வந்தவை. ஃபேக்டரியிலிருந்து வந்தபடி கட்டினால் கறுப்பு வயர். மாற்றாத காரின் படத்தைத் தேடுங்கள்.

கேள்வி: 1/43-க்கு வயர் எவ்வளவு தடிமன்?

8-ஐ 43-ஆல் வகுத்தால் 0.19. ஸ்கேல் எதுவானாலும் கணக்கு இதுவே. இனி இந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் எழுத மாட்டேன், இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஏர்பிரஷ் எது வாங்கலாம்?

எஞ்சின் அறையை நான் பெரும்பாலும் சின்ன பிரஷ்ஷால்தான் முடிக்கிறேன். ஏர்பிரஷ்ஷையே நம்பி வேலை செய்கிறவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அழுக்கு எப்படிக் காட்டுவது? மொத்தமாகக் கறுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயிண்ட்) ஊற்றினேன், எரிந்துபோன கார் மாதிரி ஆகிவிட்டது. ஒரு பிராக்கெட்டும் விரிசல் விட்டது.

விரிசலுக்குக் காரணம் வாஷில் உள்ள கரைப்பான். பெயிண்ட் அடிக்காத பிளாஸ்டிக்கில், குறிப்பாக வளைந்து இழுபட்டு நிற்கும் இடத்தில் இறங்கினால் பிளந்துவிடும். முதலில் பெயிண்ட், அது நன்றாகக் காய்ந்த பிறகு வாஷ், அதுவும் பிரஷ் நுனியில் தொட்டு.

அழுக்கு எங்கே சேரும் என்று யோசியுங்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். எனவே வால்வு கவர் ஓரத்தில் கொஞ்சம், பிளாக்கின் அடியில் நிறைய. தூசி ஃபயர்வால் மூலையிலும் பேட்டரி தட்டிலும். அடிக்கடி கை படுகிற ஆயில் மூடி சுத்தமாக இருக்கும். வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பெயிண்ட் சூட்டில் எரிந்துபோய் மங்கிய துரு பிடிக்கும். ஸ்டீல் ஹெட்டராக (தனித்தனிக் குழாய்களால் ஆன எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு) இருந்தால் எஞ்சினை ஒட்டி நீலம், அடுத்து ஊதா, அதற்கப்பால் வைக்கோல் மஞ்சள். சூடு குறையக் குறைய நிறம் அப்படி மாறும். பலர் இதைத் தலைகீழாக அடிக்கிறார்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் கார் மாடலில் பானட்டைத் திறந்து காட்ட என்ன இருக்கிறது?

அருமையான கேள்வி. ஆரஞ்சு கேபிள் இருக்கிறது. உயர் மின்னழுத்தக் கேபிள்களுக்கு ஆரஞ்சு நிறம் கொடுப்பது வழக்கம், தொடக்கூடாது என்று மெக்கானிக்குக் காட்டுவதற்காக. தடிமனானவை, பெரிய வளைவாகத்தான் வளையும், நடுவே கிளிப் போட்டு நிறுத்தியிருப்பார்கள். குளிர்விக்கும் திரவத்துக்கான ஹோஸும் தொட்டியும் உண்டு, 12 வோல்ட் பேட்டரியும் பெரும்பாலும் உண்டு. சாம்பலும் கறுப்புமான இடத்தில் அந்த ஆரஞ்சு ஓடுவது தனி அழகு.

கேள்வி: எல்லாம் ஒட்டி முடித்துவிட்டேன், பானட் இரண்டு மி.மீ. மூடவில்லை.

முதல் பதிலில் சொன்னது இதற்காகத்தான். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடியுங்கள்: ஏர் கிளீனர் மேல் சிறிய களிமண் உருண்டை வைத்து மெதுவாக மூடுங்கள், எது அமுங்குகிறதோ அதுதான் தடை. பெரும்பாலும் ஏர் கிளீனருக்கு அடியில் வயர் சிக்கி அதைத் தூக்கியிருக்கும், அல்லது எஞ்சின் மவுண்டில் சரியாக உட்கார்ந்திருக்காது. பானட்டின் உட்புறத்தைத் தேய்த்து மெலிதாக்குவது கடைசி வழி.

கேள்வி: ஹோஸ் கிளாம்ப் எதில் செய்வது?

ஒட்டும் அலுமினியத் தகடு. நிஜ கிளாம்ப் சுமார் 12 மி.மீ. அகலம், 1/24-ல் அரை மி.மீ. புதிய பிளேடால் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெட்டி, ஹோஸின் முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சுற்று சுற்றுங்கள். நுனியிலேயே சுற்றாதீர்கள், அங்கே கிளாம்ப் எதையும் பிடிக்காது. திருகுக்கு ஸ்ப்ரூவைச் சூட்டில் இழுத்த நூலில் ஒரு துணுக்கு வெட்டி ஒட்டி, அலுமினிய நிறம் தொட்டு வையுங்கள். திருகு மேலே அல்லது பக்கவாட்டில் வரட்டும், நிஜத்தில் ஸ்க்ரூடிரைவர் போக வழி வேண்டுமே. ஒரு ஹோஸுக்கு இரண்டு கிளாம்ப், ஒவ்வொரு முனைக்கும் ஒன்று.