ஆட்சென்ஸ் பின் (PIN) கடிதம் வராவிட்டால்

வணக்கம். வலைப்பூவில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸில் பத்து டாலர் சேர்ந்து ஆறு வாரமாகியும், முகவரியைச் சரிபார்க்கும் ரகசிய எண்ணான பின் (PIN) உள்ள கடிதம் வரவில்லை, கணக்கே போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது, பயப்பட வேண்டாம்.

அது சாதாரணத் தபாலில் வருவது. கிராமத்து முகவரி என்பதால் முதலில் கணக்கில் இருப்பதைச் சரிபாருங்கள்: கதவு எண், தெரு, அஞ்சலகம், பின்கோடு. முகவரி வரியில் அப்பா பெயரையும் சேர்த்தால் தபால்காரருக்குச் சுலபம். அவரிடம் நேரிலும் சொல்லி வையுங்கள். அப்புறம் புதிய பின் கேளுங்கள். மூன்று முறை வரை மறுபடி கேட்கலாம். அப்போதும் வராவிட்டால் அடையாள அட்டையைப் பதிவேற்றிச் சரிபார்க்க வழி உண்டு. முதல் பின் அனுப்பியதிலிருந்து நான்கு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். தவறினால் விளம்பரங்கள் நின்றுவிடும்.

உங்கள் வலைப்பூவில் வரும் விளம்பரத்தை நீங்களே சொடுக்கலாம் என்று உங்கள் தம்பி சொன்னாரே, அது மட்டும் கூடவே கூடாது. கணக்கை மூடிவிடுவார்கள், திரும்பப் பெறுவது மிகவும் கடினம்.

பணம் கைக்கு வர 100 டாலர் சேர வேண்டும். தமிழ் வாசகர்களை வைத்து அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை உங்கள் சமையல் பதிவுகளைத் தொகுத்து அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் மின்னூலாகப் போடுங்கள். தமிழ் நூல்களை ஏற்கிறார்கள், பதிவேற்றக் கட்டணம் இல்லை. ஆனால் மின்னூலை அங்கு மட்டுமே வெளியிடும் திட்டமான கிண்டில் செலக்டில் சேர்த்தால் அதே பதிவுகள் வலைப்பூவில் இருக்கக்கூடாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்சென்ஸ் பணம் வெளிநாட்டிலிருந்து வங்கிக் கணக்குக்கு வரத் தேவைப்படும் ஸ்விஃப்ட் குறியீட்டையும் (வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு) உங்கள் வங்கியில் இப்போதே கேட்டு வையுங்கள். சிறிய கிளையில் இல்லையென்றால் பெரிய கிளையின் குறியீட்டைத் தருவார்கள்.