டேபிள் முதல்ல, ரூம் அப்புறம்: வாசகர் கேள்வி-பதில்

ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்னு நம்பி ரெண்டு நாள் தங்கினோம், சாப்பாடு ரொம்ப சுமார். அஞ்சு ஸ்டார் வாங்கினவங்க கிச்சன் நல்லா இருக்க வேணாமா?

ஹோட்டல் ஸ்டார் வேற, ரெஸ்டாரன்ட் ஸ்டார் வேறங்க. ஹோட்டலுக்கு நாட்டுக்கு நாடு வேற வேற அமைப்பு ஸ்டார் குடுக்குது, பெரும்பாலும் ரூம் எப்படி, ரிசப்ஷன்ல எந்நேரமும் ஆள் உண்டா, ரூம் சர்வீஸ் உண்டான்னு வசதியைத்தான் எண்ணிப் பாப்பாங்க. ரெஸ்டாரன்ட் ஸ்டார்னா மிஷெலின்ங்கற பிரெஞ்சு உணவகக் கையேடு குடுக்குறது; அது ரெஸ்டாரன்ட்டுக்கு மட்டும், அதுவும் மூணோட முடிஞ்சிரும். 1926ல ஆரம்பிச்சது, 1931ல மூணு படி ஆக்குனாங்க: ஒண்ணுன்னா வழியில நின்னு சாப்பிடலாம், ரெண்டுன்னா சுத்திக்கிட்டாவது போகலாம், மூணுன்னா அதுக்குன்னே பயணம் கிளம்பலாம். அதுல நாற்காலி, விளக்கு எதுக்கும் மார்க் இல்ல, தட்டுல வர்றதுக்கு மட்டும்தான். 2024ல இருந்து ஹோட்டலுக்குத் தனியா 'கீ'ன்னு ஒண்ணு குடுக்குறாங்க, அதையும் ஸ்டாரையும் குழப்பிக்காதீங்க.

ரூம் போட்டுட்டா அங்கேயே இருக்குற ரெஸ்டாரன்ட்ல இடம் தானா கிடைச்சிரும்ல?

பெரும்பாலும் கிடைக்காது. டேபிள் உறுதியான பிறகு அந்தத் தேதிக்கு ரூம் போடுங்க.

'டின்னர் சேர்த்து'ன்னு பேக்கேஜ் எடுத்தோம். விளம்பரப் படத்துல அந்த ஹோட்டலோட பேர் போன ரெஸ்டாரன்ட்தான் இருந்துச்சு. போய் இறங்கினா டின்னர் கீழ இருக்குற பஃபேல மட்டுமாம், நாங்க ஆசைப்பட்ட இடத்துக்கு முழுக் காசு தனியாம். எங்க கல்யாண நாள் அது.

படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இந்த 'டின்னர் சேர்த்து'ங்கற வார்த்தை மேல எனக்குப் பல வருஷக் கோவம். ஒரே ஹோட்டலுக்குள்ள மூணு நாலு சாப்பாட்டு இடம் இருக்கும், படம் போடுறது ஒண்ணை, பேக்கேஜ்ல குடுக்குறது இன்னொண்ணை, இல்லாட்டி 'டைனிங் கிரெடிட்'னு ஒரு தொகை தருவாங்க, அது அந்தப் பேர் போன இடத்து டேஸ்டிங் மெனு (செஃபே தேர்ந்தெடுத்து ஒண்ணொண்ணா அனுப்புற பல கோர்ஸ் சாப்பாடு) விலையில பாதிக்குக் கூட வராது, மிச்சத்தை நம்ம தலையில கட்டுவாங்க, வரியும் சர்வீஸ் சார்ஜும் அதுக்கு மேல. வாங்குறவங்க எதை நினைச்சு வாங்குறாங்கன்னு விக்கிறவங்களுக்கு நல்லாவே தெரியும், தெரிஞ்சும் எழுதாம விடுறாங்க, அதுதான் எனக்கு ஆறல. எந்த ரெஸ்டாரன்ட், எந்த ராத்திரி, எத்தனை கோர்ஸ், குடிக்கிறது சேருமா, இந்த நாலும் மெயில்ல எழுத்துல வரணும், போன்ல சொன்னது கணக்கே இல்ல. நீங்க இப்போ அந்த விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், புக்கிங் மெயில், பில் மூணையும் சேத்து ஹோட்டலுக்கும் புக் பண்ண தளத்துக்கும் எழுதுங்க. மசியலன்னா, கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல சார்ஜ்பேக் (கார்டுல போன காசைத் திருப்பி வாங்கித் தரச் சொல்றது) கேளுங்க, சொன்னது ஒண்ணு குடுத்தது ஒண்ணுன்னு. அதுக்குக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீங்க.

ஹோட்டலுக்குள்ள இருக்குற ரெஸ்டாரன்ட்னாலே சாப்பாடு சுமார்தான்னு என் வீட்டுக்காரர் சொல்றார். சரியா?

இல்லம்மா. 1898ல பாரிஸ்ல ரிட்ஸ் திறந்தப்பவே அதோட கிச்சன் எஸ்கோஃபியேங்கற பேர் போன பிரெஞ்சு செஃப் கையில இருந்துச்சு. மொனாக்கோ நாட்டு மான்டி கார்லோவுல, ஒத்தெல் டி பாரிஸ்ங்கற ஹோட்டலுக்குள்ள செஃப் அலன் டுகாஸ் நடத்துன லூயி கேன்ஸ் ரெஸ்டாரன்ட் 1990லயே மூணு ஸ்டார் வாங்கிருச்சு. ஆனா சாப்பாட்டுக்காகவே போறீங்கன்னா என் ஓட்டு ரெஸ்டாரன்ட் பெருசா இருந்து ரூம் கொஞ்சமா இருக்குற இடத்துக்குத்தான். அமெரிக்காவுல வர்ஜீனியாவுல இருக்குற தி இன் அட் லிட்டில் வாஷிங்டன் 1978ல ஒரு பழைய கேரேஜ்ல ரெஸ்டாரன்ட்டா ஆரம்பிச்சதுதான், தங்குற ரூமெல்லாம் பின்னாடி வந்துச்சு. இப்படிப்பட்ட இடத்துல சாப்பாடு தப்பிப் போச்சுன்னா அவங்க பொழப்பே போயிரும், அந்தப் பயம் சமையல்ல தெரியும்.

ரீஃபண்ட் கிடையாதுன்னு போட்டிருந்த ரேட்ல ரூம் போட்டேன், இப்போ தேதி மாத்த மாட்டேங்குறாங்க. போன தடவை டேபிளுக்குப் போகலன்னு கார்டுல காசு வேற எடுத்தாங்க. யார்கிட்ட புகார் பண்றது?

எதுக்குங்க புகார்? ரெண்டும் புக் பண்றப்பவே எழுதிக் காட்டினது. டேஸ்டிங் மெனு கிச்சன்ல உங்க ரெண்டு பேருக்குன்னு கணக்குப் பண்ணி மீனும் கறியும் வாங்கிருப்பாங்க, நீங்க ஒரு போன் கூடப் பண்ணல. ஒரே மாதிரி தப்பு ரெண்டாவது தடவை, இதுல நான் உங்க பக்கம் நிக்க முடியாது.

நானும் இதே ரேட்ல பணம் விட்டிருக்கேன், அதனாலதான் சொல்றேன். ஒரு ரெஸ்டாரன்ட்டுக்காகவே ஞாயிறு, திங்கள் ரெண்டு ராத்திரி ரூம் போட்டேன், அந்த ரெண்டு நாளும் அவங்களுக்கு லீவு. அவங்க வெப்சைட்லயே போட்டிருந்துச்சு, நான் பாக்கல. வார ஆரம்பத்துல மூடுற பெரிய ரெஸ்டாரன்ட் நிறைய உண்டு. ரூம் ரேட் அந்த நாள்ல மலிவா இருக்குன்னா மொதல்ல இதைப் பாருங்க.

பெரிய செஃப் பேர் போட்ட ரெஸ்டாரன்ட். அவரே சமைப்பாரா?

பெரும்பாலும் மாட்டார். தினமும் கிச்சனை நடத்துறது ஹெட் செஃப், அவர் பேரைக் கேளுங்க, எப்போ சேந்தார்னும் கேளுங்க. மிஷெலின் ஸ்டார் குடுக்குறது ரெஸ்டாரன்ட்டுக்குத்தான், செஃப் வேலைய விட்டுப் போனா கூடவே எடுத்துட்டுப் போக முடியாது, ஒவ்வொரு வருஷமும் திரும்பப் பாத்துதான் குடுப்பாங்க. அதனால பழைய ஸ்டாரைக் காட்டுற விளம்பரத்துல வருஷத்தைப் பாருங்க.

எனக்கு நட்ஸ் அலர்ஜி. அங்க போய் உக்காந்ததும் சொன்னாப் போதுமா?

போதாது. டேபிள் புக் பண்றப்போ ஒரு தடவை, ரெண்டு நாள் முன்னாடி மெயில்ல ஒரு தடவை, உக்காந்ததும் ஒரு தடவை. காலைல ரூமுக்கு வர்ற பிரேக்ஃபாஸ்ட் வேற கிச்சன்ல இருந்து வரலாம், அங்கயும் தனியா சொல்லுங்க.