12டி கொடுத்த பாட்டி வாக்குச்சாவடிக்குப் போகலாமா?

முடியாது. 88 வயதுப் பாட்டியின் 12டி, அதாவது வீட்டிலிருந்தே தபால் வாக்குப் போடக் கேட்கும் படிவம், ஏற்கப்பட்டிருந்தால், தேர்தலன்று சாவடியில் போய் நின்றாலும் ஓட்டுப் போட விட மாட்டார்கள். வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'பி.பி.' என்று, அதாவது தபால் வாக்கு என்று, குறித்திருப்பார்கள். வீட்டில் போடாமல் விட்டாலும் இதே கதைதான்.

பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டுக்கு வந்தபோது, எல்லோரும் கொடுக்க வேண்டிய படிவம் என்று நினைத்துப் பாட்டி கையெழுத்துப் போட்டிருக்கலாம். 85 வயது தாண்டியவர்களுக்கு அது விருப்பத் தேர்வு மட்டுமே. இதை யாரும் நிறுத்திச் சொல்வதில்லை என்பதுதான் கொடுமை.

முதலில், படிவம் ஏற்கப்பட்டதா என்று பி.எல்.ஓ.விடமோ 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணிலோ கேளுங்கள். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் அது தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை அல்லது நிராகரித்துவிட்டார்கள் என்றால் கவலையில்லை, பாட்டி வழக்கம்போல் சாவடிக்கே போகலாம்.

ஏற்கப்பட்டிருந்தால், ஓட்டு வாங்கத் தேர்தல் குழு வீட்டுக்கு வரும் நாளைக் கேட்டு வைத்து, அன்று அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள். முதல் முறை ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். அதற்கும் இல்லையென்றால் அந்த ஓட்டு போனதுதான்.

ரகசியம் போய்விடுமே என்று பாட்டி தயங்கினால்: மறைவுத் தட்டி வைப்பார்கள், சீட்டில் அவரே குறியிட்டு மடித்து உறையில் போட்டு ஒட்டுவார். வீடியோ எடுப்பார்கள், ஆனால் யாருக்குப் போட்டார் என்பது அதில் பதிவாகாது. கண் தெரியாமலோ உடல் இயலாமையாலோ தானே குறியிட முடியாவிட்டால் மட்டும் வயது வந்த ஒருவர் உதவலாம்.