ஸ்டாஃபும் ஃபேஜும்: கேள்வி பதில்

கேள்வி: ஆய்வக அறிக்கையில் எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலின் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி, சுருக்கமாக ஸ்டாஃப்) என்று வந்தால் எந்த ஸ்டாஃப் ஃபேஜும் (ஸ்டாஃபைத் தாக்கும் வைரஸ்) வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. மெத்திசிலினிடமிருந்து கிருமியைக் காப்பாற்றுவது மெக்-ஏ மரபணு. ஃபேஜ் 'கே' போன்றவை பிடித்துக்கொள்வதோ செல்சுவரின் டைக்கோயிக் அமிலத்தை. இரண்டுக்கும் தொடர்பில்லை. அந்த அமிலம் பெரும்பாலான ஆரியஸ் வகைகளில் இருப்பதால் ஃபேஜ் 'கே'யின் வீச்சு பெரியது. ஆனால் ஒட்டிக்கொள்வது வேறு, உள்ளே பெருகுவது வேறு. நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியிலேயே சோதிக்க வேண்டும்.

கேள்வி: மேடம், தட்டில் வளர்த்த கிருமிப் பரப்பின் மேல் ஃபேஜ் துளி வைத்தேன். நன்றாகத் தெளிந்தது. இது போதாதா?

பதில்: போதாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான். அடர்த்தியான துளியில் ஏராளமான ஃபேஜ்கள் ஒரே நேரத்தில் சுவரைத் துளைத்தாலே, உள்ளே ஒன்றுகூடப் பெருகாமல் செல் வெடித்துவிடும். கரைசலில் மிஞ்சிய லைசினும் (செல்சுவரை உடைக்கும் ஃபேஜின் நொதி) அதே தெளிவைத் தரும். பத்துப் பத்து மடங்காக நீர்த்து, இரட்டை அகர் முறையில் (அகர் கூழ்த் தட்டின் மேல் இன்னொரு மென் அகர் அடுக்கு) தனித்தனி வட்டங்களாக (ஃபேஜ் கிருமியைக் கொன்ற தெளிந்த இடங்கள்) எண்ணுங்கள். நீர்த்த ஃபேஜ் 0.1 மி.லி., இரவு முழுதும் வளர்ந்த கிருமி 0.1 மி.லி., கொஞ்சம் கால்சியம் குளோரைடு. ஒட்டிக்கொள்ள 10 நிமிடம் விட்டு, 45 டிகிரியில் உருகியிருக்கும் மென் அகர் 3 மி.லி.யில் கலந்து தட்டில் ஊற்றவும். அகர் அதைவிடச் சூடாக இருந்தால் கிருமி செத்து, தட்டு வெறுமையாகிவிடும். அதை ஃபேஜின் வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள். ஃபேஜ் சேர்க்காத தட்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

30 முதல் 300 வட்டங்கள் உள்ள தட்டை மட்டும் கணக்கில் எடுங்கள். பத்து லட்சம் மடங்கு நீர்த்ததில் 42 வட்டங்கள் என்றால், மில்லிலிட்டருக்கு 42 கோடி. அதே நீர்ப்பில் வளர்ப்புக் கிருமியில் (ஃபேஜை வளர்த்தெடுத்த கிருமி) 80, அதைவிடப் பத்து மடங்கு குறைவாக நீர்த்ததில் நோயாளியின் கிருமியில் 40 என்று வந்தால் திறன் (வளர்ப்புக் கிருமியோடு ஒப்பிட்ட விகிதம்) 0.05தான். துளிச் சோதனையில் அழகாகத் தெரிந்த பல ஃபேஜ்கள் இங்கேதான் விழும்.

கேள்வி: வட்டம் மங்கலாக இருந்தால்?

பதில்: மிதவகை ஃபேஜாக (கிருமியைக் கொல்லாமல் அதன் மரபணுத் தொகுதியில் ஒளிந்துகொள்ளக் கூடியது) இருக்கலாம், ஒதுக்கிவிடுங்கள். வெள்ளை அணுக்களைக் கொல்லும் பி.வி.எல். நச்சின் மரபணுவைச் சுமப்பவை அத்தகையவைதான். தெளிந்த வட்டமும் நற்சான்று அல்ல. மரபணு வரிசையில் இன்டக்ரேஸும் (ஃபேஜைக் கிருமியின் டி.என்.ஏ.வில் சேர்க்கும் நொதி) நச்சு மரபணுக்களும் இல்லையென்று பார்த்தாக வேண்டும்.

கேள்வி: ஸ்டாஃப் கிராம் பாசிட்டிவ்தானே, எண்டோடாக்ஸின் (கிராம் நெகட்டிவ் கிருமிகளின் வெளிச்சுவர் நச்சு) தொல்லை இல்லையே?

பதில்: அது இல்லை. ஆனால் ஸ்டாஃபின் பிற நச்சுகளான என்டரோடாக்ஸினும் ஹீமோலைசினும் கரைசலில் இருக்கும். 0.22 மைக்ரான் வடிகட்டி கிருமியைத்தான் தடுக்கும், நச்சைத் தடுக்காது. நச்சை நீக்கித் தூய்மையாக்குவது தனி வேலை. ஆரியஸுக்குப் பதில் ஸ்டாஃபைலோகாக்கஸ் சைலோசஸில் ஃபேஜை வளர்ப்பதும் நல்ல உத்தி.

கேள்வி: ஃபேஜ் கிடைத்தால் ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. 2020-இல் வெளியான சிட்னி ஆய்வில், கடும் ஸ்டாஃப் தொற்றுள்ள 13 பேருக்கு நூறு கோடி ஃபேஜ் வீதம் 12 மணிக்கொரு முறை, 14 நாள் நரம்பு வழியாகச் செலுத்தினார்கள். ஆன்டிபயாடிக்கும் கூடவே சென்றது. பாதுகாப்பானது என்று தெரிந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாததால், குணமானது ஃபேஜால்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சேர்க்கையிலும் கவனம் தேவை: லினசோலிட் போன்ற ஆன்டிபயாடிக்குகள் கிருமியின் ரைபோசோமை (புரதம் செய்யும் பகுதி) முடக்குபவை, ஃபேஜ் பெருகவும் அதே ரைபோசோம் வேண்டும். மறுபக்கம், ஃபேஜிடமிருந்து தப்ப டைக்கோயிக் அமிலத்தை இழக்கும் எம்.ஆர்.எஸ்.ஏ., பீட்டா லாக்டம் (மெத்திசிலின் இனத்து) மருந்துகளுக்கு மறுபடி பணிவதுண்டு. இதற்காகவே இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பயன் தரலாம்.

கேள்வி: முழு ஃபேஜ் எதற்கு, லைசின் மட்டும் போதாதா?

பதில்: எக்ஸெபகேஸ் லைசினின் மூன்றாம் கட்ட ஆய்வு, பலன் தெரியாததால் 2022-இல் பாதியில் நின்றது.

கேள்வி: குப்பியை எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: 4 டிகிரியில், உறையவிடாமல். ஆனால் நாள் கணக்கை நம்பாதீர்கள், ஒவ்வொரு தொகுதியையும் செலுத்துமுன் மறுபடி எண்ணுங்கள். தீக்காயத்தில் தொற்றும் சூடோமோனாஸ் கிருமிக்கான ஃபேகோபர்ன் ஆய்வில் மில்லிலிட்டருக்கு 10 லட்சம் என்று திட்டமிட்டார்கள். குப்பியிலேயே எண்ணிக்கை சரிந்து, காயத்தில் பட்டது 10 முதல் 100 வரைதான்.